ஒரு தட்டு காலி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு மேற்கே
இரண்டாவது மண்டபம்.
அன்றைக்கு மைக் செட்டு என்னுடையது.
நான்கு பெட்டி, ஆறு மைக்,
எதிரொலிக்கு ஒரு பழைய மெஷின்.

ஜப்பானில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை இளம்பரிதி
மேல்மாடி வீட்டுக்காரர் என்று ஒருவரைக்
கூட்டி வந்திருந்தான்.
வேட்டி. அதன்மேல் தோல் பெல்ட்.
கையில் அலுமினியக் கெண்டி.
"டீ ஊத்தணுமா?" என்று கேட்டேன்.
"வாசிக்கணும்" என்றான் இளம்பரிதி.

இனுகாய் ஷோகிச்சி. வயது எழுபத்தொன்று.
வாத்தியத்தால் சிரிக்கவைப்பது தொழில்.
நான் ஒயர் பார்க்கிற நேரத்தில்
மாலையும் கழுத்துமாய் மாப்பிள்ளை மொழிபெயர்த்ததில்
எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:

அப்பா சைக்கிளில் டோஃபு விற்றவர்.
சின்னதாக ஓர் ஊதல், இரண்டே சுரம்.
(நம்ம ஐஸ்காரர் மாதிரியா?
ஆமாம், ஆனால் சோகமாக.)
பள்ளி விழாவில் எல்லோரும் விறைத்து நிற்கையில்
பையன் அந்த இரண்டு சுரத்தை
எக்காளத்தில் நுழைத்துவிட்டான்.
அடுத்த தெருவில் பெண்கள்
கிண்ணத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.
தலைமையாசிரியர் அறைந்தார்.
அறையும் தாளத்தில்தான் விழுந்ததாம்.

பிறகு மூவர். 'மூன்று கெண்டிகள்.'
இவர் மூக்கில் ஊதுவார், கெண்டியின் மூக்கில்.
கவாகுச்சி விசில்.
மொரியோ மூடியைத் தட்டுவான்,
எப்போதும் ஒரு பொடி பிந்தி,
ஒரு பாவமும் அறியாத முகத்தோடு.
வெந்நீர் ஊற்று விடுதிகளில்
குடித்துச் சிவந்தவர்கள் முன்னால்
பதினெட்டு வருஷம்.
ஒரு புத்தாண்டுக்கு டிவியில் ஒன்றரை நிமிஷம்;
அதில் ஒரு நிமிஷம் அறிவிப்பாளர் பேசினார்.

கவாகுச்சி இன்சூரன்ஸ் விற்கப் போனார்.
முதல் பாலிசி மொரியோ எடுத்தான்.
அது வீண் போகவில்லை.

அதிலிருந்து ஷோகிச்சி தனி.
கடைத் திறப்பு, முதியோர் இல்லம், ரயிலடி.
மூடி தட்டும் இடம் வந்ததும்
நிறுத்தி, வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்.
அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.
ஜனம் சிரிக்கும்.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது.
கெண்டி மூக்கில் உதட்டை வைத்தார்.
சளி பிடித்த யானைக்குட்டி
என் பெட்டிகள் நான்கிலும் பாடியது.
நிறுத்தினார். வலப்பக்கம் பார்த்தார்.

அங்கே, வெற்றிலையை அதக்கியபடி,
பூவனூர் சிங்காரம், தவிலோடு.
காலி இடம் கண்டால் அவர் கை சும்மா இராது.
தகதொம்!
ஒருவரும் சிரிக்கவில்லை.
கனகச்சிதம்; அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பக்கத்தில் நின்றதால் பார்த்தேன்:
முதலில் கோபம்தான்.
தன் வீட்டு நாற்காலியில்
எவரோ உட்கார்ந்துவிட்டது போல.
பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.
சாம்பார்க் கையோடு ஓடிவந்தான் மாப்பிள்ளை:
"இன்னொரு தடவை... கொஞ்சம் லேட்டா அடிக்கணுமாம்."

"தாளம் தப்பணுமா?
எங்கப்பா எழுந்து வந்துருவாரு தம்பி."
முயன்றார் பாவம்.
மறுபடியும் கனகச்சிதம்.

மூன்றாம் தடவை
கூடு மாட்டிய விரல்களைத்
தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டார் சிங்காரம்.
கெண்டி நின்றது.
தலை வலப்பக்கம் திரும்பியது.
வெளியே கேட் மூடி வெகுநேரம்.
காரைக்காலிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த கூட்ஸ்
அப்போது பார்த்துக் கூவியது.
இரண்டு சுரம். பிந்தி.

ரசம் ஊற்றியவன் இலைக்கு வெளியே ஊற்றினான்.
சம்பந்திகள் இரண்டு தரப்பும்
அன்றைக்கு முதன்முதலாக ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.
ஷோகிச்சி தண்டவாளம் இருக்கும் திசையில்
இடுப்பு மடிய வணங்கினார்.
நிமிர நேரமாயிற்று.
பெல்ட் தடுத்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை.
"அரை மாத்திரை பிசகு" என்றார்.
மொழிபெயர்த்துச் சொன்னதும்
கிழவர் பலமாகத் தலையாட்டினார்,
அவன் அவ்வளவுதான் பிசகுவான் என்று.

பதிவை அனுப்பச் சொல்லி இளம்பரிதி எழுதியிருந்தான்.
ஃபேன் இரைச்சலை எடுத்தேன், குழந்தை அழுததை எடுத்தேன்.
ரயிலையும் எடுத்துவிடவா என்று
பழக்கதோஷத்தில் கேட்டுத் தொலைத்தேன்.

இன்னும் பதில் இல்லை.